ஹைதர் அலி பெயரில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல்



நாட்றாம்பாளையத்தில் எட்டாம் வகுப்புக்கு மைசூர்ப் போர்கள் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஹைதர் அலியை வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பரீட்சைக்கு வர்றதைக் கேளுடா" என்று உட்காரவைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதை இன்று தீர்க்கிறேன்.

தெரியும். எவ்வளவு தெரியும் என்றால், அமெரிக்கர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கே அவர் பெயரை வைத்திருந்தார்கள். 'ஹைடர் அல்லி' என்பது அவர்கள் வாயில் புகுந்த வடிவம்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்ததைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்போது ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி எல்லாம் மைசூர் ஆட்சியில் இருந்தவை. அதே ஆண்டுகளில் அமெரிக்கர்களும் ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். இரு பக்கத்துக்கும் பிரெஞ்சுக்காரர் கூட்டாளி. எதிரிக்கு எதிரி நண்பன்தானே!

1782-ல் பிலடெல்பியா துறைமுகத்துக்குப் போய்வந்த வணிகக் கப்பல்களை டெலவேர் விரிகுடாவில் எதிரிகள் மடக்கிக் கொள்ளையடித்தார்கள். அவற்றுக்குக் காவலாகப் பென்சில்வேனியா மாநிலம் ஒரு வணிகக் கப்பலையே வாங்கிப் பீரங்கி ஏற்றியது. அதுதான் ஹைடர் அல்லி. பீரங்கி 16, ஒவ்வொன்றும் 6 பவுண்டு குண்டு சுடுவது. தலைவர் ஜோஷுவா பார்னி. வயது 22! நம் பிள்ளைகள் ஓசூர் கம்பெனியில் பயிற்சிக்குச் சேரும் வயது.

ஏப்ரல் 8 அன்று 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் எதிர்ப்பட்டது. அதில் இருந்தவை 9 பவுண்டுப் பீரங்கிகள். நேருக்கு நேர் சுட்டால் பார்னிக்கு வழியில்லை. அவர் சுக்கான் பிடிப்பவனிடம் முன்பே ரகசியமாகச் சொல்லிவைத்தார்: நான் சத்தமாக எந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறேனோ, நீ அதற்கு மறுபக்கம் திருப்பு. கப்பல்கள் நெருங்கியதும் எதிரிக்குக் காதில் விழும்படி கத்தினார். ஆங்கிலேயத் தலைவர் ராஜர்ஸ் அதை நம்பித் தன் கப்பலைத் திருப்ப, அதன் முன்புற மரம் ஹைடர் அல்லியின் கயிறுகளில் சிக்கிக்கொண்டது. சிக்கிய கப்பலால் தன் பக்கவாட்டுப் பீரங்கிகளைப் பயன்படுத்த முடியவில்லை. பார்னியின் பீரங்கிகளோ அதை முனையிலிருந்து நீளவாக்கில் துளைத்தன. அரைமணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. அங்கே 20 பேர் மாண்டார்கள், இங்கே 4 பேர். இந்தக் கப்பலைப் பற்றி பிலிப் ஃப்ரெனோ என்ற அமெரிக்கக் கவிஞர் பாட்டும் எழுதினார்.

பிடிபட்ட கப்பலுக்கு 'ஜெனரல் வாஷிங்டன்' என்று பெயர் சூட்டி, அதற்கும் பார்னியையே தலைவராக்கினார்கள்.

இதில் எனக்கு நெஞ்சை உறுத்துவது ஒன்று. ஹைதர் ஆசையாகக் கட்டிய சொந்தக் கடற்படையை 1780 டிசம்பரிலேயே மங்களூரில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் அழித்துவிட்டார். தன் பெயரில் ஒரு கப்பல் வென்ற அதே ஆண்டு, டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே ஹைதர் இறந்தார்.

அவரை நான் அப்பழுக்கற்ற வீரராகக் காட்டவில்லை. அவர் படை போன வழியில் ஆற்காட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. பிலடெல்பியாக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபுதான் பத்தே ஆண்டில் இங்கே வந்தார். 1791-ல் ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது அவருடைய படைதான்.

அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் இதைப் படித்தால், "நான்தான் சார்" என்று ஒரு வரி எழுதப்பா. உன் முகம் நினைவிருக்கிறது, பெயர்தான் வரமாட்டேன் என்கிறது.