மிளகுதண்ணீரும் பறையும்

ஆங்கில மரபுத்தொடர்களை உருப்போட்டுப் பரீட்சைக்குச் செல்லும் எங்கள் கிளிநொச்சி மாணவருக்கு, அம்மொழியின் கொச்சை வழக்குகளுட் சில தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறியவை என்றால் வியப்பாகவே இருக்கும்.

ஹென்றி யூலும், தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும் தொகுத்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதன் பெயரே ஒரு கொச்சை. முஹர்ரம் ஊர்வலத்தின் 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்னும் குரல் வெள்ளைச் சிப்பாயின் வாயில் அவ்வாறு சிதைந்தது. நமது மிளகுதண்ணீரோ 'மல்லிகட்டோனி' ஆயிற்று. அதனை விரும்பி உண்ட சென்னை மாகாண உத்தியோகத்தரை ஏனைய வெள்ளையர் 'மல்' என்று கேலி செய்தனர். கட்டுமரமும் சுருட்டும் அவ்வாறே கடல் கடந்தன.

இவை நகைப்புக்குரியவை. 'பரையா' அத்தகையதன்று. பறை முழக்கியோரின் குலப்பெயர், ஆங்கிலத்தில், எல்லோராலும் தள்ளப்பட்டவனுக்குப் பொதுப்பெயராயிற்று. அப்பொருள் பிழையென்று அவ்வகராதியே கால்ட்வெல்லைச் சான்றுகாட்டி உரைத்தது. கேட்டவர் யார்? உலகம் ஒதுக்கிய அரசுகளை இன்றும் பத்திரிகைகள் அச்சொல்லாலேயே குறிக்கின்றன.

பல ஆண்டுகள் நானும் 'ஒதுக்கப்பட்டவர்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அப்பாற் சென்றவனே. ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், எங்கட கோயிலிலை அடிக்கிற பறையோ இது?"

ஆம் என்றேன். எழுதிய பொருளை அழித்துவிட்டு, பறையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.