ஊசி மட்டும் போதுமா?



“பிள்ளைக்கு ஊசி போட்டாகிவிட்டது; இனிக் கவலையில்லை” என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊசி அவசியம்தான். ஆனால், ஊசி மட்டும் போதுமா? சீன நாட்டு ஊர் ஒன்றின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

குவாங்டோங் மாநிலத்தில், ஷாந்தோ நகரை அடுத்துள்ளது குய்யூ. நம் நாட்டுத் தியோச்சூ சீனர்களின் பூர்வீகப் பகுதி அது. நெல் விளைந்த அவ்வூரில் 1990ஆம் ஆண்டுகளில் அயல்நாடுகளின் பழைய கணினிகள் குப்பையாக வந்து குவிந்தன. மக்கள் வீட்டருகிலேயே கம்பிகளை எரித்துச் செம்பு எடுத்தார்கள். சர்க்கியூட் பலகைகளை அடுப்பில் வாட்டிப் பற்றாசை உருக்கினார்கள். வயிற்றுப் பிழைப்பு, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அந்தப் பற்றாசில் காரீயம் உண்டு. நம் நாட்டுச் சுரங்கங்களில் எடுத்த ஈயம் வெள்ளீயம், அது வேறு. காரீயம் நஞ்சு. அது புகையிலும் தூசியிலும் கலந்து மண்ணில் படிந்தது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பது பிள்ளைகளின் இயல்பு. வாய்வழி செல்லும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுவர் உடல் ஏற்றுக்கொள்ளும்.

2004இல் ஷாந்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குய்யூவில் 165 சிறுவரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 82 பேரிடம், அன்று வகுத்திருந்த எல்லையைத் தாண்டிக் காரீயம் இருந்தது.

பிறகு 2011, 2012ஆம் ஆண்டுகளில் பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கு நம் நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா? அந்த நோய்க்கான ஊசி போட்டும், குய்யூ பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய எதிர்ப்புச் சக்தி இல்லை. காரீயம் மிகுந்த இரத்தத்தில் அச்சக்தி குறைந்தே காணப்பட்டது.

தடுப்பூசி என்பது தோட்டத்து ஜாகாவுக்குத் திருடனை அடையாளம் காட்டுவது போன்றது. ஜாகாவே நோயில் படுத்துவிட்டால், அடையாளம் காட்டி என்ன பயன்?

2015 முதல் குய்யூவின் பட்டறைகள் தனித் தொழிற்பேட்டைக்கு மாற்றப்பட்டன. ஆனால், எலும்பில் ஏறிய காரீயம் பல்லாண்டுகள் தங்கும்.

பெற்றோர்களே, ஊசியைத் தவறாமல் போடுங்கள். அதோடு, பழைய கார் பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். கம்பிகளை வாசலில் எரிக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் வேலை செய்பவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். உண்ணுமுன் பிள்ளைகளின் கையைக் கழுவிவிடுங்கள்.

ஊசி போடுவது மருத்துவமனையின் கடமை. அது பலிக்க வழிசெய்வது நம் கடமை.