தொல்லையாக வந்த துடிப்பு



ஆபரேஷன் முடிந்து வரும் நோயாளியின் விரலில் துணிக் கிளிப் போல ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளிலும் இருக்கிறது. அது பிறந்த கதையை இயற்பியல் ஆசிரியனாக இருந்தவன் சொல்கிறேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மருத்துவர்கள் நெடுங்காலம் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 1947-ல் அமெரிக்காவில் காம்ரோ, பொட்டெல்ஹோ என்ற இருவர் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். அளவு சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை பலருடைய கண்ணுக்கு நீலம் உறுதியாகத் தெரியவில்லை. சாதாரணமாக 95-க்கு மேல் இருக்க வேண்டிய அளவு அது!

ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தின் பொறியாளர் தக்குவோ அவோயாகி, 1970-களின் தொடக்கத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் ஒளியைச் செலுத்தி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை அறிய முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவீட்டைக் குலைத்தது. இரண்டு நிற ஒளிகளைக் கொண்டு அதை நீக்கப் பார்த்தார். ஆக்சிஜன் மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கு தவறியது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. துடிப்பது தமனி ரத்தம். துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் ஆக்சிஜன் அளவே கிடைத்துவிடும். தொல்லையே விடையானது. 1974-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1980-களில் கருவி மருத்துவமனைகளில் பரவியது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இடம்பெற்றது.

என் வயதுக்காரர்கள் முழங்கால், குடலிறக்கம் என்று ஆபரேஷனுக்குப் போகிறோம். கட்டிலருகே நிற்கப்போவது நீங்கள். மயக்க மருந்தும் சில வலி மருந்துகளும் மூச்சை மந்தமாக்கும். வயிற்றுக் காயம் வலித்தால் மேலோட்டமாக மூச்சு விடுவோம். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். ஆக்சிஜன் கொடுப்பது, தலையை உயர்த்திச் சாய்த்து உட்காரவைப்பது, வலியைக் குறைத்து ஆழ்ந்து மூச்சுவிடச் செய்வது எல்லாம் அதற்காகத்தான். அதற்கும் ஏறாவிட்டால் ரத்தக்கட்டி, நீர்க்கோப்பு, நிமோனியா உண்டா என்று மருத்துவர் தேடுவார்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இரண்டும் கருவியை ஏமாற்றும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு மந்தமானாலும் எண் நன்றாகவே இருக்கலாம். நோயாளி திணறினாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, எண் எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அவோயாகி 2020 ஏப்ரலில், 84 வயதில் மறைந்தார். உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த மாதம் அது.