வெட்டும் ஒட்டும்: சோவியத் எடிட்டிங் மேஜையிலிருந்து சில குறிப்புகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மில் தொழிலாளர் சங்கத்தின் மொட்டை மாடியில் 'போர்க்கப்பல் பொதெம்கின்' போட்டோம். 16 எம்.எம். பிரிண்ட், வாடகை ப்ரொஜக்டர், திரைக்குப் பதில் இழுத்துக் கட்டிய வேட்டி. படத்துக்கு முன்னால் நான் எழுந்து, 1905இல் ஒடெஸாப் படிக்கட்டில் ஜாரின் ராணுவம் மக்களை எப்படிச் சுட்டுக் கொன்றது என்பதை இப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று ஆவேசமாகப் பேசினேன். பாதியில் பிலிம் அறுந்தது. டூரிங் டாக்கீஸில் பல வருஷம் ஆபரேட்டராக இருந்தவர்தான் அன்று ப்ரொஜக்டர் ஓட்டினார். கெட்டுப்போன பிரேம்களை வெட்டிப் போட்டுவிட்டு, முனையை பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி ஒட்டினார். படம் மறுபடி ஓடியது. விட்டுப்போன பிரேம்கள் யார் கண்ணுக்கும் படவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் கேட்டார்: "தம்பி, சுடுறப்ப மேலே ஒரு கேமரா, கீழே ஒரு கேமரா, அந்தம்மா மூஞ்சிக்கு நேரா ஒண்ணுன்னு வெச்சிருக்கானே, நெசமா நடந்ததுன்னா எப்படி வெச்சான்?"

"இல்லண்ணே, இருபது வருஷம் கழிச்சு நடிக்க வெச்சு எடுத்தது."

"அப்ப நீங்க முன்னாடி பேசினது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

சினிமா பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை கதையைப் பற்றிய சண்டைகள்தாம். படத்தின் கருத்து முற்போக்கா பிற்போக்கா, நாயகன் எந்தச் சாதி, முடிவு சரியா தப்பா என்பதோடு முடிந்துபோகும். நம் மரபு அப்படி. 1952இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வசனம் எழுதியவர் யார் என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். அந்தப் படத்தை வெட்டி ஒட்டியது யார்? இரட்டை இயக்குநர்களில் ஒருவரான பஞ்சுதான். இதைச் சொன்னால் நம் ஆட்களில் பலர் 'அப்படியா' என்று கேட்டுவிட்டு மறுபடி வசனத்துக்கே போய்விடுவார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் ஏதோ தையல்காரர் கடைசியில் நூல் பிரிப்பதுபோன்ற ஒப்பேற்று வேலை என்ற நினைப்பு. ஒளி, சட்டகம், நடிப்பு, ஒலி எல்லாமே சினிமாவின் கூறுகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஓவியத்திலிருந்தோ நாடகத்திலிருந்தோ இசையிலிருந்தோ சினிமாவுக்கு வந்து சேர்ந்தவை. இரண்டு துண்டுப் பிலிமை அடுத்தடுத்து ஒட்டினால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பார்ப்பவர் மனதில் எழுகிறதே, அது மட்டும் சினிமாவுக்கே உரியது. இதைக் கோட்பாடாக்கியவர்கள் சோவியத்காரர்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தச் சூழ்நிலையில் ஆக்கினார்கள் என்பது அவ்வளவாக எழுதப்படுவதில்லை.

சூழ்நிலை பஞ்சம்தான். 1919 ஆகஸ்டில் லெனின் கையெழுத்திட்ட ஆணையால் திரைப்படத் தொழில் தேசவுடைமையானது. அதே வருஷம் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளியும் தொடங்கப்பட்டது. பள்ளி இருந்தது, பிலிம் இல்லை. கச்சாப் பிலிம் அந்த நாட்டில் உற்பத்தியாகவில்லை. உள்நாட்டுப் போர், வெளிநாட்டு முற்றுகை என்று இறக்குமதியும் முடங்கிக் கிடந்தது. இருபது வயதைத் தாண்டியிருந்த லெவ் குலெஷோவ் தன் மாணவர்களை வைத்துப் 'பிலிம் இல்லாத படங்கள்' எடுத்தார். அதாவது ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டினார்கள். பழைய படங்களின் துண்டுகள் கிடைத்தால் அவற்றை வெட்டி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) கைக்கு வந்தபோது அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் குலெஷோவ் சோதனை. புரட்சிக்கு முந்தைய நட்சத்திரம் இவான் மொஸ்ஜூகின் 1920இலேயே நாட்டை விட்டுப் போய்விட்டார். அவர் முகம் மட்டும் பழைய பிலிமில் மிச்சமிருந்தது. உணர்ச்சி எதுவும் காட்டாத அந்த ஒரே முகத்தை எடுத்து, ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை விளையாடும் குழந்தையோடும் ஒட்டினார்கள். பார்த்தவர்கள் பசியைக் கண்டார்களாம், துக்கத்தைக் கண்டார்களாம், வாஞ்சையைக் கண்டார்களாம். இது புடோவ்கின் சொல்லும் கதை. குலெஷோவ் பிற்காலத்தில் சொன்னபோது துண்டுகள் வேறு. அந்தப் பிலிம் இன்று இல்லை. பாடப்புத்தகங்கள் விஞ்ஞானச் சோதனைபோல விவரிக்கும் ஒன்றுக்கு அதைச் செய்தவர்களின் வாய்மொழி மட்டுமே சாட்சி என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம். இன்னொரு சோதனையில் மாஸ்கோத் தெருக்களில் வேறு வேறு இடங்களில் நடக்கும் ஓர் ஆணும் பெண்ணும் கோகோல் சிலைக்குப் பக்கத்தில் சந்தித்து, நிமிர்ந்து பார்த்தால் எதிரே வாஷிங்டன் வெள்ளை மாளிகை! ஏதோ அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. பூகோளத்தையே ஒட்டிச் செய்துவிட்டார்கள்.

இரண்டு ஷாட்டுகள் சேரும்போது என்ன நடக்கிறது என்பதில் புடோவ்கினும் ஐசன்ஸ்டைனும் மோதிக்கொண்டது தெரிந்த விஷயம். செங்கல் மேல் செங்கல் வைப்பதுபோலத் தொடர்ச்சி என்றார் முன்னவர், மோதல் என்றார் பின்னவர். நம் இலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது சில இடத்தில் இயல்பாய்ப் புணரும், சில இடத்தில் ஓர் எழுத்து தோன்றும், திரியும், கெடும் என்று படித்திருக்கிறோமல்லவா? இயல்புப் புணர்ச்சி புடோவ்கின் கட்சி, விகாரப் புணர்ச்சி ஐசன்ஸ்டைன் கட்சி என்று ஒரு வசதிக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எழுத்து திரிந்தாலும் மொழியில் பொருள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இங்கே திரிவது பொருள்தான்.

எவ்வளவு தூரம் திரியும்? ஐசன்ஸ்டைனே எழுதிய ஒரு சம்பவம் போதும். இருபதுகளில் வெளிநாட்டுப் படங்களை சோவியத் மக்களுக்கு ஏற்றபடி வெட்டித் திருத்தி வெளியிடுவது ஒரு தனித் துறையாகவே நடந்தது. ஜெர்மனியில் 1921இல் எடுக்கப்பட்ட 'தாந்தோன்' அப்படி வந்தது. மூலத்தில் தாந்தோன் ரோபஸ்பியரின் முகத்தில் துப்புகிறான். ரோபஸ்பியர் கைக்குட்டையை எடுத்து எச்சிலைத் துடைக்கிறான். மாஸ்கோவில் துப்பும் துண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். இப்போது நண்பனைப் பலி கொடுக்க நேர்ந்த ரோபஸ்பியர் கண்ணீரைத் துடைக்கிறான்! நடிகர் அதே ஆள், கைக்குட்டையும் அதேதான். சின்னதாக இரண்டு வெட்டில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய தீர்ப்பு தலைகீழானது. ஐசன்ஸ்டைன் இதைக் கண்டிக்கவில்லை, ரசித்துத்தான் எழுதுகிறார். என்னால் அவ்வளவு சுலபமாக ரசிக்க முடியவில்லை.

ஐசன்ஸ்டைனும் இந்த மேஜையில் கற்றவர்தான். கற்றது எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்ணிடம். 1924இல் ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூசே'யை ஷூப் மறு எடிட்டிங் செய்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகினார். பிலிமை வெட்டி ஒட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள், மாஸ்கோவிலும் சரி, ஹாலிவுட்டிலும் சரி. தையலைப் போல விரல் நுணுக்கம் வேண்டிய வேலை, ஆகவே பெண்களுக்கானது, ஆகவே கலை அல்ல என்கிற கணக்கு. ஷூப் அந்தக் கணக்கை மாற்றினார். 1927இல் வந்த 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி'க்கு அவர் ஒரு ஷாட்டைக்கூடப் புதிதாக எடுத்து நடிக்க வைக்கவில்லை. ஈர நிலவறைகளில் கிடந்த செய்திப்படங்கள், ஜார் குடும்பம் தன் பெருமைக்காக எடுத்து வைத்த சொந்தப் படங்கள் என்று சுமார் 60,000 மீட்டர் பிலிமைப் பார்த்துப் பொறுக்கினார். கப்பல் மேல்தளத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் நடனமாடுகிறார்கள், வியர்க்கிறது. அடுத்த ஷாட்டில் மண் வெட்டும் கூலிகளின் வியர்வை. அவ்வளவுதான். ஜார் தனக்காக எடுத்த படமே ஜாருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இவரைப் படத்தின் ஆசிரியராக ஏற்க நிறுவனம் தயங்கியது என்பதும், மாயகோவ்ஸ்கி அவருக்காகப் பகிரங்கமாக வாதாடினார் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியவை. வெட்டி ஒட்டியவளுக்கு உரிமை என்ன வேண்டிக்கிடக்கு என்கிற கேள்வி நிறுவனத்துக்கு இயல்பாகவே வந்திருக்கிறது.

இந்த வேலையைத் திரையிலேயே காட்டிய படம் ஒன்று உண்டு. வெர்தோவின் 'சினிமாக் கேமராவோடு ஒரு மனிதன்' (1929). தலைப்பு கேமராக்காரனைச் சொல்கிறது. ஆனால் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரை சட்டென்று உறைந்து நிற்கிறது. முகங்கள் உறைகின்றன. அடுத்து அந்த முகங்கள் வெறும் பிலிம் துண்டுகளாக ஒரு பெண்ணின் கையில். மேஜை, கத்திரி, அலமாரியில் சுருள் சுருளாகப் பிலிம். அவள் எடுத்துப் பார்த்து ஒட்டுகிறாள், ஒரு குழந்தை முகம் மறுபடி அசையத் தொடங்குகிறது. அவர்தான் அந்தப் படத்தையே எடிட் செய்த எலிசவெத்தா ஸ்விலோவா, வெர்தோவின் மனைவி. திரையில் நாம் காண்பது எவரோ முடிவு செய்த ஒன்று என்பதை, முடிவு செய்த கையையே காட்டிச் சொன்ன படம் உலகில் ரொம்பக் குறைவு. எனக்கு ஐசன்ஸ்டைனைவிட இது பிடிக்கும். வாதத்துக்கு வருகிறவர்கள் வரலாம்.

இனி ஆபரேட்டர் அண்ணன் கேள்விக்கு வருகிறேன். 1905 ஜூனில் ஒடெஸாத் துறைமுகம் எரிந்தது, ராணுவம் சுட்டது, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அது நிஜம். ஆனால் வெயிலடிக்கும் பகலில், வெள்ளைச் சட்டை சிப்பாய்கள் வரிசை கட்டி அந்த 192 படிகளில் இறங்கி இறங்கிச் சுட்ட படுகொலை வரலாற்றில் இல்லை. அது எடிட்டிங் மேஜையில் நடந்தது. சில நிமிஷத்தில் இறங்கி முடிக்கக்கூடிய படிகள் திரையில் முடியவே மாட்டேன் என்கின்றன. கீழே வந்துவிட்டார்கள் என்று நினைத்தால் மறுபடி மேலிருந்து பூட்ஸ்கள். கொலை நடக்கும்போது செத்துக்கொண்டிருப்பவருக்குக் காலம் அப்படித்தான் இருக்கும் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் இல்லை. அந்தப் படிக்கட்டுக்குப் 'பொதெம்கின்' என்ற பெயரே 1955இல்தான் சூட்டப்பட்டது. ஊரும் படத்தை நம்பிவிட்டது.

தாந்தோனின் எச்சிலை எடுத்த வெட்டும் இந்த வெட்டும் ஒன்றுதானா? நுட்பம் ஒன்றேதான். இந்த இடத்தில் சமாதானம் சொல்லித் தப்பிக்கக் கூடாது. 1915இல் கிரிஃபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' இதே மாறி மாறி வெட்டும் உத்தியால் கூ க்ளக்ஸ் கிளான் கொலைகாரர்களை ஆபத்பாந்தவர்களாகக் காட்டியது. அதே வருஷம் கிளான் மறுபடி உயிர்பெற அந்தப் படம் தூண்டுகோலானது. நுட்பத்துக்குக் கட்சி கிடையாது. இருந்தும் ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். 'பொதெம்கின்'னில் படிக்கட்டுக்கு அடுத்துக் கல் சிங்கம் ஒன்று தூங்குகிறது, விழிக்கிறது, எழுந்து நிற்கிறது. மூன்றும் கிரிமியாவின் அலுப்கா அரண்மனையில் இருக்கும் வேறு வேறு சிலைகள். கல் எழுந்து நிற்காது என்று பார்ப்பவருக்குத் தெரியும். தெரிந்தே சிலிர்க்கிறார். அங்கே தையல் வெளியே தெரிகிறது. ரோபஸ்பியரின் கண்ணீரில் தெரியாது. கிரிஃபித் படத்திலும் தெரியாது, குதிரை வேகத்தில் மறைந்துவிடும். படிக்கட்டுக் காட்சி? அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்றே இப்போதும் நினைக்கிறேன். என் தப்பு, அதை ஆவணம் என்று அறிமுகம் செய்தது.

வெட்டவே கூடாத இடங்கள் உண்டு என்று ஐம்பதுகளில் ஆந்த்ரே பாஸன் பிரான்சிலிருந்து வாதாடினார். மனிதனும் அபாயமும் ஒரே சட்டகத்தில் இருந்தால்தான் நம்பிக்கை என்பது அவர் கட்சி. நியாயம் இருக்கிறது. ஆனால் வெட்டாத ஷாட்டும் எங்கோ தொடங்கி எங்கோ முடிகிறது. அந்த இரண்டு இடத்தையும் யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள்.

வெட்டத் தெரிந்தவர்களையும் வெட்டினார்கள். 'பொதெம்கின்' திறக்கும்போது முதலில் வந்த வாசகம் ட்ராட்ஸ்கியுடையது. பின்னால் அதை எடுத்துவிட்டு லெனின் வாசகத்தை வைத்தார்கள். மூல வாசகம் திரும்பியது 2005இல் பெர்லினில் காட்டப்பட்ட புதுப்பிக்கப்பட்ட பிரதியில்தான். பிரிட்டனில் அந்தப் படத்துக்கு 1954 வரை தடை. ஜெர்மனியிலும் தணிக்கையின் கத்திரி விழுந்தது. 'அக்டோபர்' படத்திலிருந்து ட்ராட்ஸ்கியை ஐசன்ஸ்டைனே வெட்டி எடுக்க நேர்ந்தது. 1937 மார்ச்சில் அவருடைய 'பெஷின் புல்வெளி' பாதியில் நிறுத்தப்பட்டது. அவர் பகிரங்கமாகத் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. நிறுத்தச் சொன்ன சினிமாத் துறைத் தலைவர் ஷும்யாத்ஸ்கி மறு வருஷம் சுட்டுக் கொல்லப்பட்டார். எடுத்தவரை இருந்த படமும் போரின்போது அழிந்தது.

மிஞ்சியது எடிட்டிங் மேஜையின் மிச்சம். ஒவ்வொரு ஷாட்டின் முதல் பிரேமையும் கடைசி பிரேமையும் வெட்டி எடுத்து ஐசன்ஸ்டைனின் மனைவி பெரா அதாஷேவா பத்திரமாக வைத்திருந்தார். அறுபதுகளில் நவூம் கிளேமனும் செர்கேய் யூத்கேவிச்சும் அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தி, புரகோஃபியேவின் இசையைச் சேர்த்து, சுமார் அரை மணி நேரப் படமாக்கினார்கள். எல்லாம் அசையாத படங்கள். சாவகாசமாகப் பார்த்தால், ஒரு முகம் திரும்பத் தொடங்குவதும் திரும்பி முடிந்திருப்பதும் இருக்கிறது. திரும்பியது மட்டும் இல்லை.