விமர்சகர் எழுதிய பாட்டு: கல்கியும் மாமல்லபுரக் கரையும்

1930களின் சென்னையில் சபாக் கச்சேரிக்குப் போன பலர், மறு வாரம் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியையும் தேடிப் படித்தார்கள். அதில் எழுதியவர் பெயர் ‘கர்நாடகம்’. அந்தப் புனைபெயருக்குள் இருந்தவர் பத்திரிகையின் ஆசிரியரே: ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி. பிறர் பாட்டை எடைபோட்டு வந்த அவர் சில ஆண்டுகளில் தாமே பாட்டெழுதினார். தாமே மேடையேறிப் பாடியவர் அல்ல. அவர் வரிகளுக்குக் குரல் கொடுத்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. இசை விமர்சகர் பாடலாசிரியர் ஆன இந்த மாற்றத்தில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் பங்கு உண்டு.

கல்கி 1899இல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டார். அடுத்த ஆண்டு சிறை சென்றார். பத்திரிகைத் தொழிலை அவர் கற்றுக்கொண்ட இடம் திரு.வி.க.வின் ‘நவசக்தி’. செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளம் கிராமத்தில் பிறந்த திரு.வி.க., மேடையிலும் ஏட்டிலும் நல்ல தமிழைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவரிடம் சில ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவருக்குத் தமிழில் எதையும் சொல்ல முடியும் என்ற துணிவு வந்ததில் வியப்பில்லை. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழ், அதன்பின் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன்.

சங்கீத விமர்சனம் அதுவரை பெரும்பாலும் வித்வான்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிக்கொள்ளும் விஷயமாக, அல்லது ஆங்கில நாளிதழ்களில் அடக்கமாக வரும் குறிப்பாக இருந்தது. கல்கி அதைக் கதை படிப்பவர்களுக்கும் உரியதாக்கினார். ராகம், தாளம், பிருகா பற்றிய பேச்சோடு பாடகரின் முகபாவமும், பக்கவாத்தியக்காரரின் பொறுமையும், முன்வரிசைக்காரரின் தலையாட்டலும் அவர் கட்டுரைக்குள் வந்தன. நகைச்சுவைதான் அவருடைய ஆயுதம். சில சமயம் அது கூர்மை மிகுந்து காயப்படுத்தவும் செய்தது. இலக்கணச் சுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கேட்பவன் நெஞ்சில் பாட்டு என்ன செய்தது என்று கேட்டார். அப்படிக் கேட்கத் தொடங்கியதும் அடுத்த கேள்வி தானாகவே வந்தது: பொருள் விளங்காத மொழியில் மூன்று மணி நேரம் பாடினால், கேட்பவன் பாவத்தில் எப்படித் தோய்வான்?

அந்நாளில் தமிழ்க் கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே நடுநாயகம். தமிழ்ப் பாட்டு, ‘துக்கடா’ என்ற பெயரில் கடைசியில், மக்கள் செருப்பைத் தேடத் தொடங்கும் நேரத்தில் வரும். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் எழுதிவைத்துப் போயிருந்தும் இதுதான் நிலை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. மியூசிக் அகாதெமி வட்டத்தினரும் ‘தி இந்து’ நாளிதழும் இதை ஏற்கவில்லை. இசைக்கு மொழி கிடையாது, மேலும் கச்சேரிக்கு ஏற்ற தரமான தமிழ்ப் பாடல்கள் போதிய அளவு இல்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். ராஜாஜி, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் ஆகியோரோடு தமிழிசைப் பக்கம் நின்று இடைவிடாமல் எழுதியவர் கல்கி. வாதத்தின் முதல் பாதிக்குக் கட்டுரையில் பதில் சொல்லிவிடலாம். பாடல் போதாது என்ற இரண்டாவது பாதிக்கு ஒரே பதில்தான் உண்டு, அது பாட்டெழுதுவது. பாபநாசம் சிவன் அதைத் தொழிலாகவே செய்துகொண்டிருந்தார். கல்கியும் கை வைத்தார்.

இந்தக் காலத்தில்தான் மாமல்லபுரம் அவர் எழுத்துக்குள் நுழைகிறது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்று அப்படியில்லை. செங்கல்பட்டு வரை ரயிலில் வந்து, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலைப் பயணம். இல்லையென்றால் பக்கிங்காம் கால்வாயில் படகு. போனால் தங்கி, சாவகாசமாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கடற்கரையில் டி.கே.சி.யோடு கழித்த ஒரு பொழுதைப் பற்றிக் கல்கியே ‘சிவகாமியின் சபதம்’ நாவலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். மகேந்திரரும் மாமல்லரும் ஆயனரும் சிவகாமியும் அங்கேதான் அவர் கற்பனையில் உருக்கொண்டார்கள். டி.கே.சி. ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஓசையை நாவில் உருட்டி, கூட்டத்தையே கிறங்க வைப்பவர். பாட்டின் உயிர் அதன் ஓசையிலும் உணர்ச்சியிலும் இருக்கிறது என்ற அவருடைய நம்பிக்கை கல்கியிடமும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஊரின் கற்களிலும் இசை இருக்கிறது. கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைக் கண்ணன் ஏந்தி நிற்கும் நீண்ட பாறைப் புடைப்பில், ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. பக்கத்தில் ஓர் ஆயன் குழல் ஊதுகிறான். தெய்வக் கதைக்கு நடுவே ஒரு மாட்டுத் தொழுவத்தின் மாலைப் பொழுதை அப்படியே செதுக்கிவைத்திருக்கிறான் சிற்பி. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் தன்னை வீணையில் நாரதன் என்று பட்டமிட்டுப் பொறித்துக்கொண்டான். குடுமியான்மலை இசைக் கல்வெட்டை மகேந்திரவர்மனுடையது என்று அந்நாளைய அறிஞர்கள் பலர் கருதினார்கள்; பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. மாமல்லபுரச் சிற்பங்களில் எது எந்த மன்னன் காலத்தது என்பதிலும், எல்லாமே ராஜசிம்மனுடையவை என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி 1962இல் வாதிட்ட பிறகு, புதிய சர்ச்சை எழுந்தது. கல்கிக்கு முன்னே இருந்ததோ பழைய சித்திரம்: பாடவும் வரையவும் நாடகம் எழுதவும் தெரிந்த ஒரு பல்லவ அரசன். நாவலாசிரியருக்கு அது போதும்.

1941இல் தொடங்கிய ‘பார்த்திபன் கனவு’ தொடரில் சோழ இளவரசன் விக்கிரமன் இரத்தின வியாபாரி வேடத்தில் வந்து இறங்குவது மாமல்லபுரத் துறைமுகத்தில்தான். 1944இல் தொடங்கிய ‘சிவகாமியின் சபத’த்தில் இசை விமர்சகரின் கை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நாயகி ஆடல்கலைஞர், அப்பர் முன்னிலையில் அவர் ஆடுவது அப்பரின் திருத்தாண்டகம் ஒன்றுக்கு. தலைவனின் பெயரைக் கேட்பதில் தொடங்கி அவன் திருவடியில் முடியும் அந்தப் பாடலின் படிகளையே நாவலின் போக்காக மாற்றி, கடைசி அத்தியாயத்தில் அதற்கே சிவகாமியை மறுபடி ஆட வைக்கிறார். ஒரு தமிழ்ப் பாட்டுக்குப் பொருளும் பாவமும் எவ்வளவு முக்கியம் என்று ‘கர்நாடகம்’ வாதாடியதை நான்கு பாகக் கதையாகவே கல்கி நடத்திக் காட்டினார் என்று சொல்லலாம். அவருடைய இசைக் கட்டுரைகள் எதையும்விட இது அதிகம் பேரைச் சென்றடைந்தது.

பாட்டுக்கு ஒரு குரலும் வேண்டும். 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் டி. சதாசிவத்துக்கும் திருமணம் நடந்தது திருநீர்மலையில். இன்றும் அது செங்கல்பட்டு மாவட்டத்து மலைக்கோயில். விகடனிலிருந்து விலகிய கல்கியும் சதாசிவமும் சேர்ந்து 1941 ஆகஸ்டில் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார்கள். அதற்கு முதல் திரட்ட ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். நாரதராக ஆண்வேடம் ஏற்று நடித்தார். ஒரு பத்திரிகைக்கு ஒரு பாடகியின் சம்பளம் மூலதனம் ஆனது தமிழ் இதழியலில் அபூர்வம். விமர்சகருக்கும் பாடகிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் அதோடு போயிற்று என்று குறை சொல்பவர்களுக்கும் இடம் இருக்கிறது.

1945 தீபாவளிக்கு வந்த ‘மீரா’வை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார், இசை எஸ்.வி. வெங்கட்ராமன். பாடல்களைப் பாபநாசம் சிவனும் கல்கியும் எழுதினார்கள். ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கியுடையது. அதன் மெட்டு வடநாட்டு இசைத்தட்டு ஒன்றைத் தழுவியது என்று சினிமா வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவது அன்றும் புதிதல்ல. பல்லவியில் அடிதோறும் ஈற்றில் ‘கீதம்’ என்ற ஒரே சொல் திரும்பி வந்து விழுகிறது. ஒரு முறை கேட்டவரும் இரண்டாம் முறை கூடவே முணுமுணுக்க முடிகிறது. வடசொல்லே கலவாத பாட்டல்ல, அந்தக் ‘கீதம்’ ஒன்றே சாட்சி. ஆனால் பெரும்பாலும் பேச்சில் புழங்கும் சொற்கள், நிலவும் தென்றலும் குயிலும் வண்டும் குழலும். கேட்பவர் யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. துக்கடா என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் பாடப்பட்டாலும் கூட்டம் காத்திருந்து கேட்டுவிட்டுப் போகும் பாட்டாக அது ஆயிற்று. எம்.எஸ். பாடிப் புகழ்பெற்ற ‘மாலைப் பொழுதினிலே’யும் கல்கி எழுதியதே.

இவற்றை நாட்டுப்பாட்டு என்று சொல்லிவிட முடியாது. எளிமை நாட்டுப்புறத்தது, அமைப்பும் நடையும் மேடைக்குரியவை. கல்கி உட்கார்ந்து கற்பனை செய்த அதே கடற்கரையில் வேறு பாட்டுகள் இருந்தன. கரைவலை இழுப்பவர்கள் கைக்கும் காலுக்கும் தாளம் சேர்த்துப் பாடும் அம்பா உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுக்கும்போது ஒரே மூச்சாகத் திரும்பச் சொல்வார்கள். உள்நாட்டுக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதத்தையொட்டி விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். மாசி மகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கரையில் கூடி, மணலில் தற்காலிகக் குடில் போட்டுக் கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் அங்கேயே நடத்துகிறார்கள். தமிழிசை இயக்கத்தின் சண்டை கச்சேரி மேடையில் யாருக்கு இடம் என்பது பற்றியது. இந்தப் பாட்டுகளுக்கு அந்த மேடையில் யாரும் இடம் கேட்கவில்லை. அது அந்தக் காலத்தின் எல்லை, கல்கியின் எல்லையும்கூட.

அந்த எல்லையை அவர் ஒருமுறை தொட்டார். 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரைப் படகுக்காரப் பெண் பூங்குழலிக்கு அவர் எழுதிக் கொடுத்த பாட்டு, வெளியே அடங்கிய கடலையும் உள்ளே பொங்கும் மனத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பாடுபவள் துடுப்புப் பிடிக்கும் பெண், மொழி படித்தவருடையது. நாட்டார் மெட்டைப் பத்திரிகைக்குள் நேரடியாகக் கொண்டுவந்தவர் கொத்தமங்கலம் சுப்பு: ‘காந்தி மகான் கதை’யை வில்லுப்பாட்டாகப் பாடினார். தொகுப்பு வேலை ‘கலைமகள்’ ஆசிரியர் கி.வா. ஜகந்நாதனிடம் போயிற்று; பெர்சி மெக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாடோடிப் பாடல்களை அவர் பதிப்பிக்க, 1958இல் ‘மலையருவி’ தஞ்சை சரசுவதி மகால் நூலக வெளியீடாக வந்தது.

டி.கே.சி. 1954 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். ‘அலை ஓசை’ நாவலுக்காக 1956இல் சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. ‘பார்த்திபன் கனவு’ 1960இல் படமாயிற்று.