தேக்கும் உப்புத்தாளும்

தேக்கு என்ற சொல் நம் பக்கத்திலிருந்துதான் உலகத்துக்குப் போயிற்று. மலையாளக் கரையில் அதைக் கேட்ட போர்த்துக்கீசியர் 'தேக்கா' என்று தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். 1782இல் இளைய லின்னேயஸ் சூட்டிய 'டெக்டோனா' என்னும் தாவரவியல் பெயரிலும் அதுவே ஒலிக்கிறது. கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'டெக்டோன்' என்ற சொல்லின் சாயலும் அதில் உண்டு. சொல் நம்முடையது. ஆனால் செட்டிநாட்டிலும் நமது கீழைக்கடற்கரை ஊர்களிலும் பழைய வீடுகளைத் தாங்கி நிற்கும் தேக்கில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்தது.

கடல்வழி மரம் வருவது இக்கரைக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்வர். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள அகில் கட்டைகள் ஒட்டகங்கள் படுத்துறங்குவதுபோலக் கிடந்தன என்றும், பரதவ மகளிர் அவற்றை விறகாக எரித்துத் தேறல் காய்ச்சினர் என்றும் அந்நூல் சொல்கிறது. விலைமதிப்புள்ள மரத்தை அடுப்பில் வைத்த வளத்தை நத்தத்தனார் வியந்து பாடினார். இன்று விலைமதிப்புள்ள மரத்தின்மேல் நாம் எனாமல் பூசுகிறோம். இதை வியப்பதா, வருந்துவதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கீழ்ப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் அங்கே தேக்குக் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தது. 1885இல் மாண்டலே அரசு அதன்மேல் விதித்த அபராதம், மூன்றாம் பர்மியப் போருக்குச் சாக்காயிற்று. ஒரு மரத்தின் பொருட்டு ஓர் அரசு வீழ்ந்தது என்று சொன்னால் மிகை. அம்மரம் அதில் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்குச் சந்தை விரிந்தது. அந்த விரிவில் நகரத்தார் வட்டித்தொழில் வளர்ந்தது; அவர்கள் ஈட்டிய செல்வம் தூணாகவும் கதவாகவும் ஊர் திரும்பியது.

புதுச்சேரிப் பகுதியில் கதை சற்று வேறு. இங்கே பிரெஞ்சு ஆட்சி இந்தோசீனத்தின் வாசலைத் திறந்துவிட்டது. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பலர் சைகோனில் அலுவலராகவும் வணிகராகவும் வாழ்ந்தனர். கோட்டக்குப்பம் புதுச்சேரியின் வடக்கு விளிம்பை ஒட்டியிருந்தும் ஆங்கிலேயர் எல்லைக்குள் இருந்த ஊர். ஒரு சாலையின் நீளத்தில் இரண்டு அரசுகள். எல்லைக்கோடு வீடு கட்டும் முறையைப் பிரிக்கவில்லை. திண்ணை, மரத்தூண், முற்றம், மரச்சட்டங்களின்மேல் எழுப்பிய மச்சு, உள்ளறையைப் பிரிக்கும் பலகைத் தடுப்பு ஆகியவை இருபுறமும் ஒன்றே. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையைப் பார்த்தவர்கள், கீழ்த்தளத்து மரத்தூண்களும் மேல்தளத்து வெண்ணிறச் சாந்துத் தூண்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதைக் கவனித்திருப்பார்கள்.

இவ்வீடுகளின் மரம் முதலில் எப்படிப் பேணப்பட்டது? எண்ணெயும் அரக்கும்தான். நம் நாட்டு அரக்கை எரிசாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றும் மெருகுக்குப் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர். பூச்சியும் பிசினும் சோட்டா நாகபுரிக் காட்டினுடையவை, பெயர் மட்டும் பிரான்சினுடையது; புதுச்சேரிக்குப் பொருத்தமான வேடிக்கை. மலிவான வேலைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இருந்தது, கறையான் நெருங்காது. இக்கரையின் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகளுக்குக் குறைவில்லை.

பெயிண்ட் பிறகு வந்தது. ஹவுராவில் ஷாலிமார் நிறுவனம் 1902இல் தொடங்கியது. பம்பாயில் ஏசியன் பெயின்ட்ஸ் 1942இல். 1954இல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கட்டு என்னும் குறும்புச் சிறுவன் தூரிகையும் டப்பாவுமாகக் கடைதோறும் நின்றான். பண்டிகைக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் வழக்கம். அச்சடங்கு மெல்ல மரத்துக்கும் நீண்டது. மெருகேற்றத் தேர்ந்த கை வேண்டும், பல நாள் கூலி வேண்டும். எனாமலுக்கு ஒரு தூரிகையும் இரண்டு நாளும் போதும். அதுவரை கருத்த பழுப்பில் மூழ்கியிருந்த அறை, வெளிர்நிறம் பட்டதும் சன்னல் ஒன்று கூடுதலாகத் திறந்ததுபோல் ஆகிவிடும். மரத்துக்குப் பெயிண்ட் அடித்தவர்களை ரசனையற்றவர்கள் என்று ஏசும் மரபு நம் எழுத்தாளர் சிலரிடம் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டறையில் சமைத்துப் பிள்ளை வளர்த்த பெண்கள் வெளிச்சம் கேட்டது குற்றமாகாது.

மேலைநாட்டிலும் இந்த ஊசலாட்டம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பைன் மரப் பலகைச் சுவர்கள் பெயிண்ட் பூசுவதற்கென்றே செய்யப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் அதையெல்லாம் சுரண்டி, வெறும் மரமே 'அசல்' என்று மகிழ்ந்தனர். வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் கண்டபோது, தேவாலயங்களின் பழைய பூச்சைச் சுரண்டும் வெறியை எதிர்த்ததால் அச்சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்றே செல்லப்பெயர் வழங்கியது. அமெரிக்காவிலோ சென்ற நூற்றாண்டின் நடுவில் ஒட்டுப்பலகை பதித்த அறைகளுக்கு இப்போது வெள்ளையடிக்கிறார்கள். தந்தை பூசியதை மகன் சுரண்டுவதும், மகன் சுரண்டியதைப் பேரன் பூசுவதும் எங்கும் உள்ளதுதான்.

கோட்டக்குப்பத்தில் நாம் பார்த்த ஒரு வீட்டில், கூடத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் பலகைத் தடுப்பில் பச்சை எனாமல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. "மூணு வருசத்துக்கு ஒருக்கா அடிக்கிறோம் சார், நிக்கமாட்டேங்குது" என்றார் வீட்டுப் பெரியவர். நிற்காததற்குக் காரணம் பெயின்டர் அல்லர், மரமே. தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. அதைக் கறையானிடமிருந்து காப்பதும் அதுதான், மேலே பூசிய படலத்தைப் பற்றவிடாமல் தள்ளுவதும் அதுதான். தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பிரைமர் ஏற்றினால் ஓரளவு பற்றும். வீட்டுக்குள்ளிருக்கும் தேக்குக்குப் பாதுகாப்பின் பொருட்டுப் பெயிண்ட் தேவையே இல்லை. மாமரம் முதலிய மென்மையான மரங்களின் கதை வேறு.

கடற்கரையில் இன்னொரு தொல்லை, ஈரம். எனாமல் படலம் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. சுவருக்குள் செருகிய சட்டத்தின் முனை வழியே உள்ளே போன நீர் அங்கேயே தங்கி மரத்தை இற்றுப்போகச் செய்யும். வெளியே பளபளப்பு, உள்ளே மக்கு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று இக்கரை வாங்கிய அடி கொஞ்சமன்று. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழைக்குப் பிறகு நன்கு உலர்வதற்குள் தூரிகையை எடுப்பவர்கள், அழுகலை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்.

சுரண்டுவதற்கு முன் நினைவில் கொள்ளவேண்டியது ஈயம். வெள்ளீயப் பூச்சை உட்புறச் சுவர்களுக்குக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை 1921இலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ளவேண்டும். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளையைத் தாக்கும். நெருப்புக் காட்டி உரிப்பது இன்னும் கேடு. நனைத்துச் சுரண்டவேண்டும், பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் அந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கவேண்டும், சுரண்டியதைத் தோட்டத்தில் கொட்டக்கூடாது.

தேய்க்கும் தாளுக்கு நம் தச்சர்கள் வைத்த பெயர் உப்புத்தாள். அதில் உப்பு இல்லை. உப்புப் பரல்போலச் சொரசொரக்கும் துகள்கள்தாம் உள்ளன. உப்பளக் கரையில் அச்சொல் கூடுதல் இனிமையோடு ஒலிக்கிறது. இப்போது நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளும் கடைகளில் கிடைக்கிறது. பழைய எனாமலுக்கு அதுவே தக்கது.

முழுவதையும் சுரண்டத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. உறுதியாகப் பற்றியிருக்கும் பழைய அடுக்கை அப்படியே விட்டு, உரிந்த இடத்தை மட்டும் சீர்செய்து மேலே பூசலாம். அதற்குமுன் கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். கட்டடப் பாதுகாப்பாளர்கள் அப்படித்தான் அடுக்குகளை எண்ணுகிறார்கள். அந்தப் பெரியவரின் தடுப்பில் பச்சைக்குக் கீழே வெளிர்நீலமும், அதற்குக் கீழே சாக்லேட் நிறமும், அடியில் மெருகேறிய தேக்கும் தெரிந்தன. சாக்லேட் நிறம் தம் தந்தை காலத்தது என்றும், நீலம் தம் தங்கையின் திருமணத்துக்கு அடித்தது என்றும் அவர் சொன்னார். பச்சை அடித்த ஆண்டு மட்டும் அவருக்கு நினைவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார்.