மைதானமும் மரபும்: பேராதனையும் மலையக மாணவரும்

பல்கலைக்கழகமொன்றின் வரலாறு விரிவுரை மண்டபங்களில் மாத்திரம் உருவாவதில்லை. விளையாட்டு மைதானத்திலும் விடுதி முற்றத்திலும் நாடக மேடையிலும் அது உருவாகின்றது. 'நாம் ஒரு கழகத்தார்' என்னும் உணர்வு முளைகொள்வது அங்கேதான். அவ்வுணர்வு யாரைத் தழுவிக்கொண்டது, யாரை வாயிலில் நிறுத்தியது என்பது ஆராயத்தக்கது.

1942இல் கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் கூடி வாழும் வதிவிடப் பல்கலைக்கழகத்தையே இலட்சியமாகக் கொண்டார். 1829 முதல் படகோட்டத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்டுவரும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் வாழ்க்கைமுறை இதற்கு முன்மாதிரியாயிற்று. அருணாசலம், ஜயதிலக, இராமநாதன் முதலிய விடுதிகள் உறைவிடங்களாக மட்டுமன்றி, மாணவரின் பற்றுக்கும் பெருமைக்கும் உரிய சிறு கழகங்களாகவும் விளங்கின. விடுதிகளுக்கிடையிலான போட்டிகள் அப்பற்றை வளர்த்தன.

எனினும், பல்கலைக்கழக மைதானத்தில் ஒளிர்வதற்குப் பாடசாலையிலேயே ஒரு மைதானம் வாய்த்திருக்க வேண்டும். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்ற நா. எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர். மெய்வல்லுநர் போட்டிகளைப் பேணி வளர்த்த பெரிய கல்லூரிகளின் மாணவர்க்கே இத்தகைய வழி திறந்திருந்தது.

நோர்வூட் தோட்டங்களின் நிலை வேறு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. அப்பாடசாலைகளிற் பல கீழ்வகுப்புகளோடு நின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரின் குடியுரிமையையும் பறித்தது. 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்கலாயிற்று. 1884இல் ஹற்றனை அடைந்த இருப்புப்பாதை வழியே தேயிலைப் பெட்டிகள் பேராதனையைக் கடந்து கொழும்பு சென்றன. அத்தேயிலையைக் கொய்தவரின் பிள்ளைகள் பெருந்தொகையினராகப் பேராதனையில் இறங்குவதற்கோ நெடுங்காலம் சென்றது.

இவ்விடத்தில் மற்றொரு மாணவர் மரபு நினைக்கத்தக்கது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை 1960களில் மேடையேற்றினார். கிராமத்துக் களரிக்குரிய கலை கற்றோர் அரங்கில் மதிப்புப் பெற்றது. காமன் கூத்தை லயத்து முற்றத்தில் கண்டு வளர்ந்த மாணவனும் தன் மரபு இழிந்ததன்று எனத் தலைநிமிர்வதற்கு இம்முயற்சி இடமளித்தது. ஓட்டப் பந்தயத்தில் முந்தாதவனுக்கும் பல்கலைக்கழகத்தில் ஓர் இடமுண்டு என்பதை அது உணர்த்திற்று.

ஆயின், மரபென்னும் பெயரில் வளர்ந்த கேடும் உண்டு. புதிய மாணவரைச் சமமாக்கும் சடங்கென நியாயப்படுத்தப்பட்ட பகிடிவதை, 1975இல் பேராதனையில் ஒரு மாணவியை மாடியிலிருந்து குதிக்கச் செய்து முடமாக்கியது. 1997இல் ஒரு பொறியியல் மாணவரின் உயிரையே குடித்தது. 1998இல் பகிடிவதை தடைச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் சட்டத்தால் மட்டும் ஒரு வழக்கம் அழிவதில்லை. அதனை மரபெனப் போற்றுவோர் உள்ளவரை அது உயிர்வாழும். முதன்முதலாகத் தன் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் ஏழை மாணவனுக்கு இவ்வழக்கம் இரட்டைச் சுமையாகும். வாயிலைக் கடக்க அவனது குடும்பம் தலைமுறைகளாகக் காத்திருந்தது. கடந்த பின்னரும் அவன் அஞ்சியே நடக்க நேர்வது கொடுமையன்றோ?

நோர்வூட்டிலும் இன்று ஒரு மைதானம் உண்டு. 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியது அங்கேதான். அத்தகைய மைதானத்தில் ஓடிப் பழகும் சிறுமி நாளை பேராதனைக்கு வருவாள். அவளை அச்சமின்றி வரவேற்கும் மரபே பல்கலைக்கழக மரபெனப் போற்றத்தகும். வெற்றிக் கேடயங்களின் எண்ணிக்கையால் அன்று, இறுதியாக வந்து சேர்ந்த மாணவரை எவ்வாறு ஏற்றது என்பதாலேயே ஒரு கழகத்தின் பெருமை அளக்கப்படும்.